தொட்டியில் வைத்த தைலச்செடி

வாசனைச் செடி விற்கும் தொழிலில் பாதி நேரம் விற்பனைக்குப் போகிறது. மீதி நேரம், வந்தவர்கள் கசக்கி மோந்துவிட்டுக் கீழே போட்ட இலைகளைக் கூட்டிப் பெருக்குவதில் போகிறது.

சித்திரபுரத்துக்குப் பக்கத்தில், சாலை திரும்புகிற இடத்தில், பச்சை வலை போட்ட சின்ன நர்சரி என்னுடையது. ரோஜா கிடையாது. வெளிநாட்டுப் புல் கிடையாது. இந்த மலையிலும் அடிவாரத்திலும் தானாக வளர்கிற, வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கிற, இலையைக் கசக்கினால் மணக்கிற குத்துச்செடிகள் மட்டும்தான் வைத்திருக்கிறேன். தைலச்செடி, காட்டுக்கறிவேப்பிலை, குருந்து, பாணல். வாசலில் வைக்கலாம், ஜன்னலோரம் வைக்கலாம், நடக்கும்போது சட்டைக் கை உரசுகிற மாதிரி பாதையோரம் வைக்கலாம். உரசினால்தான் அவை பேசும்.

காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் வாசல் செடியின் முகத்தில் போய் விழிக்கிறவரா நீங்கள்? ஒரு இலை மஞ்சளானால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காதவரா? அப்படியானால் நாம் ஒரே வியாதிக்காரர்கள். உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். ஒரே ஒரு தைலச்செடி பிழைக்குமா, பிழைக்காதா என்று பதினாலு மாதம் நான் நிம்மதியில்லாமல் திரிந்த கதை இது. நடுவில் வேறு ஆட்களும் வந்து போவார்கள். கடை என்றால் அப்படித்தான்.

சுளுக்கு வாசனை

தைலச்செடியை முதலில் அறிமுகப்படுத்திவிடுகிறேன். மேல்மலைச் சோலைகளின் ஓரத்தில் தானாக வளர்வது. ஆள் உயரத்துக்கு வரும். தடித்த, பளபளப்பான இலை. மணி மணியாக வெள்ளைப் பூ. பிறகு கருநீலக் காய். தேயிலைக்குப் பிடித்த புளிப்பு மண்தான் இதற்கும் பிடிக்கும். சுண்ணாம்புச் சுவரை ஒட்டி வைத்தால் முகம் வாடிவிடும். இலையைக் கசக்கினால், சுளுக்குக்குத் தடவுகிற தைலத்தின் வாசனை அப்படியே வரும். இதன் சரியான பெயர் புத்தகத்தில் இருக்கிறது. நாங்கள் தைலச்செடி என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

அடிமாலியிலிருந்து ஒரு ஆட்டோக்காரர் மனைவியோடு வந்தார். நான் ஒரு இலையைக் கசக்கி அந்த அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணை மூடி மோந்தார். பிறகு கணவரிடம் நீட்டினார். அவரும் மோந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்ல விற்பனை என்று நினைத்துக்கொண்டு, "வாசல்ல ரெண்டு பக்கமும் வைங்க, வர்றவங்க உரசிட்டு வரும்போதே மணக்கும்" என்றேன்.

அந்த அம்மா யோசித்துவிட்டுக் கேட்டார்: "வாசம் நல்லாத்தான் இருக்கு. ஆனா வாசல்லயே வெச்சா, வர்றவங்க எல்லாம் எங்க வீட்டுல யாருக்கோ இடுப்புப் பிடிச்சிருக்குன்னு நெனச்சுப் பழம் வாங்கிட்டு வந்துர மாட்டாங்களா?"

எப்போதும் பச்சை

பள்ளிவாசல் பக்கம் தங்கும் விடுதி நடத்துகிற தம்பி ஒருவன் முன்வாசலுக்கு வேலி மாதிரி காட்டுக்கறிவேப்பிலை வாங்கிப் போனான். நெருக்கமாக நட்டு, வருஷத்துக்கு இரண்டு தடவை பூ முடிந்த கையோடு கத்தரித்தால் சுவர் மாதிரி நிற்கும். மழைக்குப் பிறகு வெள்ளையாகப் பூத்தால் தெருவே மணக்கும். அவனும் சொன்னபடியே செய்தான். செடியும் சொன்னபடியே நின்றது.

ஒரு வருஷம் கழித்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். பூச்சியா என்றேன். இல்லை. வேரழுகலா என்றேன். இல்லை. "உங்க செடி மேல குத்தம் சொல்லலண்ணே. வெயில்லயும் பச்ச, மழையிலயும் பச்ச, பனியிலயும் பச்ச. அதான் பிரச்னை. பிளாஸ்டிக்கான்னு சந்தேகப்பட்டு, வர்ற டூரிஸ்ட் எல்லாம் ஆளுக்கொரு இலையைக் கிள்ளிப் பார்க்கான். இப்ப கை எட்டுற உயரம் வரைக்கும் மொட்டை!"

நகராத டிரம்

போன வருஷம் ஆவணியில் பாக்கியம் அக்கா வந்தார். தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவர். லயத்தில் வீடு. வரிசையாக ஒட்டி ஒட்டி இருக்குமே, அந்தக் கம்பெனி வீடுகளில் ஒன்று. நான் கடை போட்ட புதிதில், இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால், அவர் என்னிடம் ஒரு தைலச்செடி வாங்கினார். இலையை எண்ணெயில் போட்டுக் காய்ச்சித் தோளில் தேய்த்துக்கொள்ள. கூடை தூக்கின தோள் அது.

"சர்வீஸ் முடியுது தம்பி. வர்ற ஆனியோட சரி. சாவியை ஒப்படைச்சிட்டு வட்டவடைக்கு மக வீட்டுக்குப் பக்கத்துல போறேன். மருமகன் ஒரு ரூமு கட்டிக் குடுத்திருக்கான். எல்லாத்தையும் எப்படிக் கொண்டுபோறதுன்னு யோசிச்சு வச்சாச்சு. இந்தச் செடித் தொட்டிதான் நகர மாட்டேங்குது. வந்து என்னன்னு பாரு" என்றார்.

போய்ப் பார்த்தேன். பாதியாக வெட்டின தகர டிரம்மில், என் தலைக்கு மேல் வளர்ந்து நின்றது செடி. அக்கா அதற்குத் தினமும் பாத்திரம் கழுவுவதற்கு முன்னால் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவாராம். டிரம்மைக் கட்டிப் பிடித்து அசைத்தேன். மலையை அசைத்த மாதிரி இருந்தது. பக்கத்து மண்ணைத் தோண்டி, விளிம்புக்கு அடியில் கையை விட்டேன். விளிம்பு மட்டும் வட்டமாக இருந்தது, அடித்தகரம் இல்லை. என் மணிக்கட்டுப் பருமனுக்கு வேர்கள் நேரே தரைக்குள் போயிருந்தன. "துரு தின்னுட்டுப் போயிருச்சுக்கா" என்றேன். அக்கா வீட்டு வாசலில் இருந்த தண்ணீர் டிரம்மின் தகர மூடி மேல் எனக்கு டீயை வைத்தார். அதை என்னால் குடிக்க முடியவில்லை.

ஏனென்றால் செடியை விற்ற அன்றைக்கு நான் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. அப்போது அந்த எஸ்டேட்டில் ஒரு கெடுபிடி இருந்தது. லயத்து வாசலில் கீரை போடலாம், பீன்ஸ் போடலாம். வேர் பிடித்து நிலைக்கிற எதையும் தரையில் வைக்கக் கூடாது. அக்கா தயங்கியபோது நான்தான் சொன்னேன்: "தொட்டியில வைங்கக்கா. போறப்ப தூக்கிட்டுப் போயிரலாம்." மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து வேரைக் கத்தரித்து மண் மாற்றாவிட்டால் இது தொட்டியில் நிற்காது என்று நான் சொல்லவில்லை. தெரியாமல் சொல்லாமல் விட்டேனா, சொன்னால் வாங்க மாட்டார் என்று விட்டேனா? நானும் லயத்தில் பிறந்தவன்தான். அங்கே யாரும் ஒரு செடியைப் பார்த்து முதலில் கேட்கிற கேள்வி, தூக்க முடியுமா என்பதுதான். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னால் விற்கும் என்று எனக்குத் தெரியும். இது மாதிரி எத்தனை லயங்களில், எத்தனை டிரம்முகள்!

ஒரு கிளையில் பதியம் போட்டுப் புதுச் செடி எடுத்துத் தருகிறேன், இரண்டு வருஷத்தில் வளர்ந்துவிடும் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அக்கா செடியின் அடித்தண்டைத் துணியால் துடைத்தபடி சொன்னார்: "புதுச்செடிக்கு என்னைத் தெரியாது தம்பி. எங்க வீட்டுக்காரர் கடைசி வரைக்கும் இந்த இலையைத்தான் காய்ச்சி என் தோள்ல தேச்சுவிட்டாரு. இதைப் பிடுங்கி நட முடியுமா முடியாதா, அதை மட்டும் சொல்லு."

முடியும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், இதுவும் விற்பனைக்காரன் சொன்ன பதிலோ என்று பயம் வந்தது.

வேண்டாம் என்கிற கடைக்காரன்

அந்த வாரமே பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒருவர் குடும்பத்தோடு மலை பார்க்க வந்தவர், கடையில் இறங்கினார். கோயம்புத்தூர்த் தமிழ். தைலச்செடியின் இலையை மோந்ததும் அவருக்குப் பிடித்துப் போய்விட்டது. "ஏனுங்க, இதுல நாலு எடுத்து வைங்க. புதுசா ஊடு கட்டிருக்கறனுங்க. வாசல்ல ரெண்டு, சன்னலோரம் ரெண்டு."

ஒரு வாரத்துக்கு முன்னால் என்றால் கட்டிக் கொடுத்திருப்பேன். நிழலில் வையுங்கள், தண்ணீர் ஊற்றுங்கள் என்று நாலு வார்த்தை சொல்லி அனுப்பியிருப்பேன். அன்றைக்கு என் வாயில் வேறு வார்த்தை வந்தது. "உங்க ஊர் வெயில்ல இது ஒரு கோடை தாங்காதுங்க. செத்துரும். வேண்டாம்." அவர் நம்பவில்லை. கூலிங் வலை போடுகிறேன் என்றார். மின்விசிறி வைக்கிறேன் என்றுகூடச் சொன்னார். நான் அசையவில்லை. குருந்தும் காட்டுக்கறிவேப்பிலையும் காட்டினேன். குருந்து உங்கள் பக்கத்துக் கரட்டு மேட்டிலேயே தானாக நிற்கிறதுதான், முள் இருக்கும், இலை எலுமிச்சை மாதிரி மணக்கும், வெயிலுக்கு அஞ்சாது என்றேன். எங்கள் ஊர்ச் செடியை எங்களுக்கே விற்கிறீர்களா என்று சிரித்தாலும், இரண்டிலும் இரண்டிரண்டு எடுத்துக்கொண்டார்.

வண்டியில் ஏறப் போனவர் திரும்பி வந்து, தாழ்ந்த குரலில் அக்கறையாகக் கேட்டார்: "தப்பா நெனச்சுக்காதீங்க. செடிக் கடைக்காரரே செடி வேண்டாமுங்கறீங்க. ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

மண்ணுக்கு மண்

வளர்ந்த செடியை ஒரே நாளில் பிடுங்கினால் அது பிழைப்பது கஷ்டம். முன்கூட்டியே வேரைப் பழக்க வேண்டும். செடியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, முதலில் அந்த வட்டத்தில் பாதியை மட்டும் பள்ளம் எடுத்து, குறுக்கே வருகிற வேர்களைக் கூரான கத்தியால் சுத்தமாக அறுத்து, இலைமக்குப் போட்டு மூட வேண்டும். அறுத்த இடத்தில் நூல் நூலாகப் புது வேர் வரும். ஆறு மாதம் கழித்து மீதிப் பாதி. பிறகு ஒரு மழை நாளில் அந்தப் புது வேர்களோடு மண் கட்டியைச் சாக்கில் கட்டித் தூக்க வேண்டும். அறுக்கும்போது செடிக்குத் தெரியக் கூடாது, பாதி வேர் இருக்கிறது என்ற தைரியத்திலேயே அது நிற்க வேண்டும்.

ஐப்பசி மழையில் முதல் பாதியை வெட்டினேன். டிரம்மை ஆக்ஸா பிளேடால் அறுத்து எடுத்தாயிற்று. சித்திரையில் கோடை மழை பெய்ததும் இரண்டாவது பாதியை வெட்ட மண்வெட்டியை ஓங்கியபோது, எஸ்டேட் சூப்பர்வைசர் வந்து நின்றான். சின்னப் பையன், மலையாளி. தமிழும் நன்றாகப் பேசுவான். முந்தின சூப்பர்வைசர் மாதிரி முரடு இல்லை, ஆனால் கணக்கில் கறார்.

"அண்ணா, செடி சேச்சியோடதுதான். ஞான் ஒண்ணும் பறையல. ஆனா நீங்க கொண்டுபோறது செடி மட்டும் இல்லல்லோ? அடியில இத்தனை மண்ணு. அது கம்பெனி மண்ணு. நாளைக்கு ஒருத்தர் கேட்டா, மண்ணு எங்கே போச்சுன்னு நான் என்ன எழுதுவேன்?"

பாக்கியம் அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தார். "நாப்பது வருஷமா என் கால் நகத்துல ஒட்டிட்டு வீட்டுக்குள்ள வந்த மண்ணை எல்லாம் கூட்டி அள்ளி வெளியதான் போட்டுருக்கேன். அதைக் கழிச்சுக்கோ தம்பி" என்றார். பையன் முகம் சிவந்துவிட்டது. சண்டை வேண்டாம் என்று நான் ஒரு வழி சொன்னேன். எவ்வளவு மண் எடுக்கிறோமோ அவ்வளவு மண்ணை என் நர்சரியிலிருந்து கொண்டு வந்து குழியை மூடித் தருகிறேன். அவனும் சரி என்றான்.

ஆனியில் செடியை எடுத்த அன்று, ஏழு சாக்கு மண்ணோடு போனேன். மக்கின இலை, சாணி எரு எல்லாம் கலந்த, நான் நாற்றுக்கு வைத்திருந்த மண். குழியில் கொட்டக் கொட்டப் பையன் குனிந்து ஒரு பிடி எடுத்து நொறுக்கிப் பார்த்தான். பிறகு குற்ற உணர்ச்சியோடு சொன்னான்: "இதுக்குப் பதிலா அந்த மண்ணு... அண்ணா, கம்பெனிக்கு இவ்வளவு லாபம் இந்த வருஷம் வேற எதுலயும் இல்ல."

மருமகள் ஊர்வலம்

நாலு பேர் சேர்ந்து ஜீப்பில் ஏற்றினோம். மேலே மூன்றில் ஒரு பங்கு கிளையைக் கத்தரித்திருந்தேன். இலைகளில் தண்ணீர் தெளித்து, காற்று படாமல் இருக்க ஈரச்சாக்கால் கழுத்து வரைக்கும் சுற்றினேன். பாக்கியம் அக்கா சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார். முன் சீட்டில் உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. பின்னால் ஏறி, செடியை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, தண்ணீர் டிரம்மின் தகர மூடியை மடியில் வைத்துக்கொண்டார். பீரோவும் கட்டிலும் முந்தின நாளே போய்விட்டன. அந்த மூடியை மட்டும் ஏன் கையோடு கொண்டுவருகிறார் என்று கேட்டேன். "பறந்துரும்" என்றார்.

வட்டவடை வரைக்கும் சாலை எப்படி என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் உங்கள் இடுப்புக்கு நல்லது. ஒவ்வொரு பள்ளத்திலும் நான் திரும்பிப் பார்த்தேன். மண் கட்டி உடைந்தால் அத்தனை நூல் வேரும் அறுந்துவிடும். எட்டு மாத வேலை ஒரு குழியில் போய்விடும். அக்கா ஒவ்வொரு குலுக்கலுக்கும் செடியை இறுக்கிப் பிடித்தார். அவர் முதுகுதான் கம்பியில் இடித்துக்கொண்டே வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டாத ஒரு வீட்டுக்கு அவர் போய்க்கொண்டிருந்தார்.

ஜீப் ஓட்டி வந்த தம்பி கண்ணாடியில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தான். பூண்டு வயல் தெரிய ஆரம்பித்ததும் சத்தமாகச் சொன்னான்: "யக்கா, புது மருமகளைக் கூட்டிட்டுப் போற மாதிரில்லா இருக்கு! முக்காட்டை எடுத்துவிடுங்க. வந்த எடத்தை அதுவும் பார்க்கட்டும்."

மஞ்சள்

வீட்டு வாசலில், காலைவெயில் படுகிற இடமாகப் பார்த்து, தரையில் நட்டோம். வட்டமாக வரப்புக் கட்டி, சருகு பரப்பினோம். தண்டுக்கு மூன்று பக்கமும் கம்பு. எல்லாம் சரியாகச் செய்தேன். ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. வட்டவடை மழை மறைவுப் பிரதேசம். எங்கள் பக்கம் கொட்டுகிற மாதிரி ஆடியில் அங்கே மழை கொட்டாது. காற்றுதான் கொட்டும். இருபத்தைந்து வருஷம் செடி விற்பவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? முன்பு சொல்லாமல் விட்டேன். இப்போது தெரியாமல் விட்டேன். இரண்டில் எது கேவலம் என்று யோசித்துக்கொண்டே தினம் நாற்றுக்குத் தண்ணீர் விட்டேன்.

ஆடி பாதியில் அக்கா போன் செய்தார். இலை சுருள்கிறது. பத்து நாள் கழித்து, உதிர்கிறது. ஆவணி பிறந்தபோது, ஒன்றுகூட இல்லை. வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கிற செடி என்று சொல்லி நான் விற்ற செடி, விறகு மாதிரி நின்றது. காற்றுக்கு மறைப்பாகப் பச்சை வலை கொண்டுபோய்க் கட்டிவிட்டு வந்தேன். பட்டையை நகத்தால் லேசாகக் கீறினால் உள்ளே பச்சை தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். பச்சை இருக்கும் வரைக்கும் உயிர் இருக்கிறது. பழுப்பானால் முடிந்தது.

அதன் பிறகு தினமும் காலை ஏழு மணிக்குப் போன் வரும். "பச்சை இருக்கு தம்பி." அவ்வளவுதான். வைத்துவிடுவார். எனக்கு அன்றைய டீ அதன் பிறகுதான் இறங்கும். ஒருநாள் ஏழு ஆகியும் போன் வரவில்லை. ஏழரை. எட்டு. நானே கூப்பிட்டேன். எடுத்தவர் குரல் தாழ்ந்திருந்தது.

"இன்னைக்குக் கீறலை தம்பி. நேத்துப் பார்த்தா உடம்பு பூராக் கீறலு. அதுக்கு உயிரு இருக்கான்னு நாம தெரிஞ்சுக்கிடதுக்கு அதைப் போய்க் கீறிக் கீறிப் பார்க்கோம். கீறின எடத்துல எல்லாம் மஞ்சளைக் குழைச்சுப் பூசிவிட்டிருக்கேன். இனி அதுவா சொல்லட்டும்."

புதுக் குடித்தனம்

புரட்டாசிக் கடைசியில் ஒரு பெண் கடைக்கு வந்தாள். ஜார்க்கண்டிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்தவள். பெயர் பூல்மணி. பாக்கியம் அக்கா காலி செய்த வீட்டில் இப்போது அவளும் கணவனும் இருக்கிறார்கள். சூப்பர்வைசர் பையன்தான் என் கடைக்கு வழி சொல்லி அனுப்பியிருக்கிறான். பையில் சுற்றி வைத்திருந்த ஒரு இலையை எடுத்து நீட்டினாள். வாங்கிக் கசக்கினேன். தைலம்.

நாங்கள் மூடின குழியின் ஓரத்தில், விட்டுப்போன வேர் ஒன்று துளிர்த்திருக்கிறது. என் ஏழு சாக்கு மண்ணின் தயவு. வட்டவடையில் செடி மொட்டையாக நிற்கிறது. இங்கே கைவிட்ட வேர் இலை விடுகிறது. எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. பூல்மணி தன் தோளைத் தொட்டுக் காட்டி, இலையைத் தேய்ப்பது போல் சைகை செய்தாள். பக்கத்து வீட்டார் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் போல.

"தொட்டி வேணும் அண்ணா. பெரிசு" என்றாள். நான் இந்தத் தடவை தப்பு செய்வதாக இல்லை. தரையிலேயே இருக்கட்டும், அதுதான் நல்லது என்றேன். தொட்டியில் வைத்தால் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும், வேரைக் கத்தரிக்க வேண்டும், மண் மாற்ற வேண்டும் என்று கையாலும் காலாலும் நடித்துக் காட்டினேன். அவள் பொறுமையாகப் பார்த்தாள். பிறகு சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல எனக்குச் சொன்னாள்: "அண்ணா, வீடு நம்ம இல்லை. தொட்டி நம்ம."

மூடி

அடுத்த வாரம் ஐப்பசி பிறந்தது. மழை இறங்கிய இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்குப் போன் வந்தது. இப்போது நான் முதலில் கேட்கப் பயந்தேன். "வா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார் அக்கா. நல்லதா கெட்டதா என்று தெரியாமலே ஜீப் பிடித்துப் போனேன்.

வாசலில் செடி நின்றது. மஞ்சள் பூசின காயங்களுக்குப் பக்கத்தில், கணுவுக்குக் கணு, சிவப்பாகத் துளிர். ஒரு குழந்தையின் நகம் அளவுதான். எண்ண ஆரம்பித்து, கண் கலங்கினதால் பாதியில் விட்டுவிட்டேன். அக்கா வாசல் தண்ணீர் டிரம்மின் தகர மூடி மேல் டீயை வைத்தார்.

டீயை எடுக்காமல், பதினாலு மாதமாக மனசுக்குள் எழுதி எழுதிப் பார்த்ததை அன்றைக்குச் சொன்னேன். "அக்கா, அன்னைக்கு நான் தொட்டியில வைங்க, தூக்கிட்டுப் போயிரலாம்னு சொன்னது பொய். இது தொட்டியில நிக்காதுன்னு எனக்குத் தெரியும். விக்கணும்னு சொல்லிட்டேன். நீங்க பட்ட பாடு எல்லாம் அதனாலதான்." பிறகு, பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, பூல்மணியைப் பற்றியும் சொன்னேன். விட்டுப்போன வேர் துளிர்த்தது, அவள் தொட்டி கேட்டது, நான் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் பெரிய தொட்டியாகப் பார்த்து வாங்கிப் போனது.

அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தார்.

"அவகிட்ட சுத்தியல் இருக்கான்னு கேட்டியா தம்பி?"

"சுத்தியல் எதுக்குக்கா?"

அக்கா என் டீ கிளாசை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, அந்தத் தகர மூடியைத் தூக்கி என் முன்னால் பிடித்தார். வட்டமாக, விளிம்பு முழுக்க உளி வெட்டின தடம். "இதுதான் அந்த டிரம்மோட அடி. நீ செடியைக் குடுத்த மறுநாளே எங்க வீட்டுக்காரரு ஒர்க்‌ஷாப்புல உளி வாங்கிட்டு வந்து தட்டி எடுத்துட்டாரு. சத்தம் அப்ப இருந்த சூப்பர்வைசர் காதுக்குப் போகக் கூடாதுன்னு, அவரு தட்டத் தட்ட நான் பக்கத்துல உக்காந்து உரல்ல மிளகாய் இடிச்சேன். ரெண்டு பேரும் தும்மித் தும்மிக் கண்ணெல்லாம் தண்ணி. செடி தரையிலதான் இருந்துச்சு தம்பி, மொதல் நாள்லேருந்து. தொட்டி, பார்க்கிறவங்களுக்கு."

"அப்ப துரு தின்னுட்டுதுன்னு நான் சொன்னப்ப..."

"நாங்களே தட்டி எடுத்தோம்னு சொல்லிருந்தா, நீ பதினாலு மாசம் இப்படி வந்து வந்து என் செடியைப் பார்த்திருப்பியா?"

இருபத்தைந்து வருஷமாக ஊரார் மூக்குக்கு வாசனை விற்கிற என் மூக்குக்கு, அத்தனை தடவை டீ வைத்துக் கொடுத்த அந்தத் தகர மூடியின் வாசனை மட்டும் எட்டவேயில்லை.